நினைவுநூலை வைத்துப் பல பாடங்கள்: ஓர் எளிய விளக்கம்

'பல பாடங்களை இணைத்துக் கற்பித்தல்' என்ற பேச்சு பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்தால் பெரும்பாலும் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். சிலருக்கு உற்சாகம்: "அருமை! தமிழ் வகுப்பில் ஒருவருடைய வாழ்க்கை நினைவுகளைப் படிக்கட்டும், கணித வகுப்பில் அதில் வரும் மாங்காய்களை எண்ணட்டும், ஓவிய வகுப்பில் அட்டைப்படம் வரையட்டும்." சிலருக்குக் கவலை: "பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் கதை வேறா?"

இரண்டு பேரும் ஒன்றையே நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எல்லாப் பாடத்திலும் ஒரே கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதுதான் இணைப்பு என்பது அவர்கள் எண்ணம். அப்படிச் செய்தால் கவலைப்படும் பெற்றோர் சொல்வதே சரி, அது நேர விரயம்தான். மாங்காயை எண்ணுவதற்கு ஒரு நூல் தேவையில்லை. உண்மையான முறை வேறு. அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரின் டோபி காட் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு-தெற்குப் பாதை, வடகிழக்குப் பாதை, வட்டப் பாதை மூன்றும் அங்கே சந்திக்கின்றன. சந்திப்பதால் மூன்றும் ஒரே பாதை ஆகிவிடுவதில்லை. தண்டவாளம் வேறு, போகும் ஊர் வேறு. பயணிக்கு வேண்டியது அந்த ஓர் இடத்தில் மாறி ஏறும் வசதி. நினைவுநூலில் சில வரிகள் இப்படிப்பட்ட நிலையங்கள். அங்கே கணிதமும் அறிவியலும் வரலாறும் தத்தம் தண்டவாளத்திலேயே வந்து நிற்கும். எல்லா நிலையமும் சந்திப்பு நிலையம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவுநூல் என்றால் எது?

ஒருவர் தம் வாழ்வைப் பற்றி எழுதியது எல்லாமே ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். நாட்குறிப்பு அன்றன்று எழுதப்படுவது. நாளை என்ன நடக்கும் என்று எழுதுபவருக்குத் தெரியாது. தன்வரலாறு பிறப்பில் தொடங்கி வாழ்வு முழுவதையும் சொல்ல முயல்வது. நினைவுநூல் வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, பல ஆண்டுகள் கழித்து, 'அன்று நடந்தது இதுதான், இன்று எனக்கு அது இப்படிப் புரிகிறது' என்று சொல்வது. நடைமுறையில் இந்த எல்லைகள் கொஞ்சம் கலந்துதான் கிடக்கும். ஆனால் 'பல ஆண்டுகள் கழித்து' என்ற அந்த இடைவெளிதான் வகுப்பறைக்கு மிகவும் பயன்படுகிறது.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த புகைப்படம் போல அப்படியே இருப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கிடைத்த துண்டுகளைக் கொண்டு அதை மீண்டும் கட்டுகிறது. உளவியலாளர்கள் இதை 'நினைவின் மறுகட்டமைப்பு' என்பார்கள். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரெடரிக் பார்ட்லட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு அவர்களைத் திரும்பச் சொல்ல வைத்தார். கதையில் இருந்த வள்ளம் அவர்கள் வாயில் சாதாரணப் படகாகிவிட்டது. புரியாத பகுதிகள் உதிர்ந்துபோயின. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மனம் தனக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்பக் கதையை நேர்படுத்திக்கொண்டது.

ஆகவே நினைவுநூல் ஒரு சாட்சியின் வாக்குமூலம். அதை முழுதாக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு ஒரு பாடம் மட்டும் போதாது.

இதுவரை: நினைவுநூல் என்பது வாழ்வின் ஒரு பகுதியைக் காலம் கடந்து சொல்வது. அது நேர்மையாகவும் இருக்கலாம், அதே நேரத்தில் பிழையாகவும் இருக்கலாம். எந்த வரி எப்படிப்பட்டது என்று சோதிக்கத்தான் வெவ்வேறு பாடங்கள் வருகின்றன.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

சிங்கப்பூரில் இதற்கு இயல்பாகப் பொருந்துவது ஜப்பானிய ஆட்சிக்காலம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்தனர். தீவின் பெயர் 'சியோனான்' ஆயிற்று. 1945 செப்டம்பர் வரை அந்த ஆட்சி நீடித்தது. பிப்ரவரி 15ஐ நம் பள்ளிகள் முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிப்பதால் பிள்ளைகளுக்கும் இது ஓரளவு தெரிந்த காலம்தான்.

கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிய மாதிரிப் பத்தி. எந்த நூலிலிருந்தும் எடுத்ததில்லை. அந்தக் காலத்து நினைவுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒலிக்கும்:

"எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை மாற்றச் சொல்லிவிட்டான். காலை ஏழரை மணிக்கும் வெளியே இருட்டாகத்தான் இருக்கும். அம்மா தடவித் தடவி அடுப்பு மூட்டுவாள். அரிசி இல்லை. காலையும் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக்கிழங்கு. தம்பிக்குக் கால் வீங்கிப்போனது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அப்பா சம்பளத்தைத் துணிப்பையில் கொண்டுவருவார், பை நிறைய வாழைமரம் போட்ட நோட்டு. அம்மா அதை எடுத்துக்கொண்டு அப்போதே கடைக்கு ஓடுவாள். மறுநாள் போனால் அதே காசுக்குப் பாதிதான் கிடைக்கும் என்பாள். ஒரு நாள் சித்தப்பா, 'சயாமில் வேலை, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன்' என்று கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் பேரை அம்மா வீட்டில் சொன்னதே இல்லை."

கடிகாரத்தில் தொடங்கும் கணக்கு

'ஏழரை மணிக்கும் இருட்டு' என்ற வரியைப் பெரும்பாலான பிள்ளைகள் மிகைப்படுத்தல் என்று நினைப்பார்கள். வயதான மனிதர், ஏதோ சொல்கிறார் என்று கடந்துபோவார்கள். இதைச் சோதித்துவிடலாம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 பாகை. உலக நேரக் கணக்குக்குத் தொடக்கக் கோடாக வைத்திருப்பது லண்டனின் கிரீன்விச். சிங்கப்பூர் அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. 104ஐ 15ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7. சூரியனை மட்டும் நம்பிக் கடிகாரம் வைத்தால் நம் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முந்தியிருக்க வேண்டும். போருக்குச் சற்று முன் அது ஏழரை மணி நேரமாக இருந்தது. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள், 9 மணி நேரம். ஒரே நாளில் கடிகார முள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. சூரியக் கணக்கோடு ஒப்பிட்டால் கடிகாரம் 2 மணி நேரம் முந்தி ஓடியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் சூரியன் சூரியக் கணக்குப்படி ஆறு மணி வாக்கில் உதிக்கும். அன்றைய கடிகாரத்தில் அப்போது மணி எட்டு!

இன்னும் ஒரு படி போகலாம். இன்று நாம் பயன்படுத்தும் நேரம், 1982 ஜனவரி 1 முதல், கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முந்தியது. இந்தக் கடிகாரத்தில் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய 6.46க்கு உதிக்கும், பிப்ரவரியில் 7.16க்கு. இரண்டோடும் ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் அன்றைய நேரம் கிடைத்துவிடும். பிப்ரவரியில் ஏழரை மணிக்கு நல்ல இருட்டு, நவம்பரில் வெளுக்கத் தொடங்கியிருக்கும். ஒன்பது வயதுப் பையன் சொன்னது பொய்யில்லை. ஆண்டு முழுவதற்கும் அது பொருந்தாது என்பது மட்டும்தான் திருத்தம்.

இதில் கணிதத்துக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. வகுத்தல், கோணம், நேரக் கணக்கு எல்லாமே பாடத்திட்டத்தில் உள்ளவைதான். கிடைத்த விடைக்கு ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். ஒரு மனிதரை நம்பலாமா என்று அது தீர்மானித்தது.

அதே கணக்கு, எதிர்ப் பக்கம்

இப்போது 'மறுநாள் போனால் பாதிதான்' என்ற வரி. ஜப்பானிய ஆட்சி வெளியிட்ட நோட்டைப் பத்து வெள்ளித் தாளில் இருந்த வாழைமரத்தை வைத்து மக்கள் 'வாழைமர நோட்டு' என்றார்கள். நோட்டு அச்சாகிக்கொண்டே போனது. பிற்காலத்தில் வரிசை எண்கூட இல்லாமல் வந்தது. சந்தையில் பொருளோ குறைந்துகொண்டே போனது. குறைந்த பொருளை நிறையப் பணம் துரத்தும்போது விலை ஏறுகிறது, பணத்தின் மதிப்பு கரைகிறது. இதற்குப் பெயர் பணவீக்கம். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டுகள் வெறும் தாளாயின.

ஆனால் ஒவ்வொரு நாளும் விலை இரட்டிப்பானால் என்ன ஆகும்? பத்து நாளில் 1,024 மடங்கு. இருபது நாளில் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானாலே ஓராண்டில் 4,096 மடங்கு. முன்பு கடிகார வரியைக் காப்பாற்றிய கணிதம் இந்த வரியைச் சாய்த்துவிடுகிறது.

அப்படியானால் அம்மா பொய் சொன்னாளா? இங்கேதான் தமிழ் வகுப்புக்கு மாறி ஏற வேண்டும். அது விலைப்பட்டியல் இல்லை. கையில் இருக்கும் கூலி கண் முன்னே கரைவதைக் கண்ட ஒரு பெண்ணின் பதற்றம் அது. மிகைப்படுத்தல் ஒரு தகவலைத் திரித்து ஓர் உணர்வைச் சரியாகச் சொல்கிறது. ஓர் உயர்நிலை 1 மாணவர் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் ஏந்தப் பழகினால் அதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீங்கிய கால்

அறிவியல் ஆசிரியர் இந்த வரியைப் பார்த்தவுடன் 'பெரிபெரி' என்பார். உயிர்ச்சத்து பி1 குறைவால் வரும் நோய் அது. ஆட்சிக்காலத்தில் இங்கே பரவலாக இருந்தது. மரவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து ஏராளம், பி1 குறைவு. ஆனால் புரதச்சத்தும் அதில் மிகக் குறைவு. உணவில் புரதம் வெகுவாகக் குறைந்தாலும் உடலில் நீர் கோத்து, அழுத்தினால் குழி விழும். இரண்டில் எது தம்பிக்கு வந்தது? பத்தியில் விடை இல்லை. வேறு என்ன அறிகுறி தெரிந்தால் பிரித்துச் சொல்லலாம் என்று மாணவர்கள் பட்டியல் போடட்டும். நோயின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, சான்று போதாதபோது முடிவை நிறுத்திவைப்பது அறிவியலுக்கு நெருக்கமானது.

மரவள்ளிக்கிழங்கிலிருந்து இன்னொரு கிளையும் உண்டு. திரு லீ குவான் இயூ 1998இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், ஆட்சிக்காலத்தில் மரவள்ளி மாவில் பசை தயாரித்து விற்றதைச் சொல்கிறார். மாவில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் ஏன் ஒட்டுகிறது என்பதை அறிவியல் அறையில் செய்தே பார்த்துவிடலாம்.

சித்தப்பா எங்கே போனார்?

சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நீளம் 415 கிலோமீட்டர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பெரும் பகுதி. பசி, காலரா, மலேரியா, அடி உதை. போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை.

புவியியல் வகுப்பில் வரைபடத்தை விரித்தால் மழைக்காலமும் மலைக்காடும் தெரியும். வரலாற்று வகுப்பில் எழும் கேள்வி இன்னும் கடினமானது. அந்த ரயில்பாதையைப் பற்றி வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் எழுதிய நினைவுநூல்கள் நிறைய உண்டு. எண்ணிக்கையில் அவர்களைவிட அதிகமாக இருந்த ஆசியத் தொழிலாளர்களில் தமிழர்கள் எழுதியவை மிகமிகக் குறைவு. ஏன்? எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. உயிரோடு திரும்பியவர் குறைவு. திரும்பியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை. ஒரு நூலை வாசிக்கும்போது, எழுதப்படாத நூல்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்க மாணவர்கள் பழக வேண்டும். எனக்கு இந்த முறையில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழில் பேசியவர்களின் குரலும் அவற்றில் உண்டு. நூலாகாத நினைவுகளைத் தேட அது நல்ல இடம்.

இரண்டு 'நான்'

தமிழ் ஆசிரியருக்கு இந்தப் பத்தியில் ஒரு தனிச் சொத்து இருக்கிறது. பத்தியில் பேசும் 'நான்' ஒருவர் இல்லை, இருவர். ஒருவன் ஒன்பது வயதுப் பையன். அவனுக்குத் தெரிந்தது துணிப்பை, அடுப்பு, தம்பியின் கால். மற்றவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதும் பெரியவர். 'அதற்குப் பிறகு அவர் பேரை அம்மா வீட்டில் சொன்னதே இல்லை' என்று பையனால் சொல்ல முடியாது. பல வருட மௌனத்தைப் பார்த்து முடித்தவர்தான் அதைச் சொல்ல முடியும். எந்த வரி பையனுடையது, எந்த வரி பெரியவருடையது என்று இரண்டு நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள். சித்தப்பா இறந்தார் என்று எங்கும் எழுதவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது. அது எப்படி என்ற பேச்சு தானாகவே எழும்.

இதுவரை: ஒரே பத்தி. கணிதம் ஒரு வரியை உறுதி செய்தது, ஒரு வரியை மறுத்தது. அறிவியல் முடிவைத் தள்ளிவைத்தது. வரலாறு இல்லாத குரலைக் கேட்டது. தமிழ் வகுப்பு குரல்களைப் பிரித்துக் காட்டியது. ஒவ்வொரு பாடமும் தன் வேலையை மட்டும்தான் செய்தது.

இது ஏன் மனத்தில் நிற்கிறது?

புதிதாகக் கற்பது எதுவும் தனியாக மனத்தில் தங்காது. ஏற்கெனவே தெரிந்தவற்றின் வலையில் கோக்கப்பட்டால்தான் தங்கும். அந்த வலையைக் கல்வி உளவியலில் 'அறிவுச் சட்டகம்' என்கிறோம். 'மணிக்கு 15 பாகை' என்பது தனி வாய்பாடாக இருந்தால் தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும். இருட்டில் அடுப்பு மூட்டிய அம்மாவோடு கோத்துவிட்டால் அதைப் பிடித்து இழுக்க ஓர் இழை கிடைக்கிறது. ஒரு பாடத்தில் கற்றதை இன்னொரு சூழலில் எடுத்துப் பயன்படுத்துவதற்குக் 'கற்றல் இடமாற்றம்' என்று பெயர். அது தானாக நடப்பது அரிது. ஆசிரியர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஆனால் கதை பாடத்தை விழுங்கிவிடவும் கூடும். சுவையான, ஆனால் பாடத்துக்குத் தொடர்பில்லாத விவரங்கள் கற்றலைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைக்கு வாழைமரம் நினைவிருக்கும், பணவீக்கம் மறந்துபோகும். அதைத் தவிர்க்க நான் பரிந்துரைக்கும் சோதனை எளிது. ஒரு வரியை எடுத்து, 'இந்தப் பாடத்தின் உதவி இல்லாமலே இது முழுதாகப் புரிகிறதா?' என்று கேளுங்கள். புரிகிறது என்றால் அந்தப் பாடத்தை அங்கே இழுக்க வேண்டாம். மேலே உள்ள பத்தியில் இசைக்கும் உடற்கல்விக்கும் இடமில்லை. இருக்கட்டும், குறையொன்றும் இல்லை.

ஒரே வகுப்பு, வேறு வேறு நினைவு

நம் வகுப்பறைகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூக் சிங் படுகொலையில் சீன ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் பாடாங் திடலில், ஜப்பானியர் ஆதரவோடு இயங்கிய இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். தமிழர் பலர் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், ராணுவத்திலும் சேர்ந்தார்கள். அதே ஆட்சி, அதே தீவு. ஒரு சீன மாணவியின் கொள்ளுப்பாட்டி சொன்னதும் ஒரு தமிழ் மாணவரின் கொள்ளுத்தாத்தா சொன்னதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அவற்றை ஒன்றாக்க முயல வேண்டாம். இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எங்கே நின்று எதைப் பார்த்தார் என்று கேட்டால் போதும். பிள்ளைகளிடம் வீட்டுக் கதையைக் கேட்டு வரச் சொல்லும்போது, சொல்ல விரும்பாத தாத்தா பாட்டியை வற்புறுத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்தியில் வரும் அம்மாவும் சொல்லவில்லையே.

தொடங்க நினைக்கும் ஆசிரியருக்கு

முழு நூல் வேண்டாம், இரண்டு மூன்று பக்கம் போதும். ஏழு பாடங்களைத் திரட்டவும் வேண்டாம். ஒரு தமிழாசிரியரும் ஒரு கணித ஆசிரியரும் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். இரண்டு பேரும் தனித்தனியாகப் பக்கத்தைப் படித்து, தங்கள் பாடத்துக்கு வேலை இருக்கும் வரிகளில் குறியிடட்டும். இருவரும் குறித்த வரி ஒன்றாவது இருந்தால் அதுதான் தொடங்கும் இடம். பிப்ரவரி 15ஐ ஒட்டிய வாரம் வசதியானது. தமிழ் வகுப்பு முதலில் வரட்டும். பத்தியைப் படித்து, 'இதை எப்படி நம்புவது?' என்ற கேள்வி பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்த பிறகு கணித வகுப்புக்குப் போகட்டும். வரிசையை மாற்றினால், யாரும் கேட்காத கேள்விக்கு விடை கண்டுபிடிப்பதாகிவிடும். தொடக்கநிலை 6இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருக்கும்போது இதை முயல வேண்டாம். தொடக்கநிலை 5, உயர்நிலை 1, 2 வகுப்புகள் தோதானவை.